ராஜாவுக்கு ஒரு மருத்துவச்சி

கொன்றைக்கோட்டை அரண்மனையில் ஆயுதபூஜை என்றால் கரண்டிக்குக்கூட ஓய்வு. உளி, கத்தி, ராஜாவின் வாள் எல்லாம் சந்தனப் பொட்டோடு அம்மன் சந்நிதியில் படுத்திருக்கும். மறுநாள் விஜயதசமி காலையில் அவரவர் கருவியைத் தொட்டெடுக்க வேண்டும். முதலில் எதில் கை படுகிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்கு அவர் வேலை. அம்மன் முன்னால் வைத்த வழக்கம். ராஜாவும் மீற முடியாது. அதனால் எல்லோரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடுவார்கள்.

கருவியை எடுக்கும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரும் வருஷம் உடம்புக்கு ஏதாவது வந்தால் யாருடைய வைத்தியம் வேண்டும்? தென்னை ஏறுகிறவன் எலும்பு கட்டுகிறவரைச் சொல்வான். தோட்டக்காரன் விஷக்கடி வைத்தியரைச் சொல்வான். கூலி நெல்லில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, மற்றதை அரண்மனை பார்த்துக்கொள்ளும். அதற்குப் பெயர் வைத்தியக் காப்பு. சொன்னால் சொன்னதுதான், அடுத்த விஜயதசமி வரை மாற்ற முடியாது.

மடைப்பள்ளியில் காய் நறுக்கும் வடிவாம்பாள், சொல்ல வேண்டிய பெயரைப் பல மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். மருத்துவச்சி பேச்சி. முதல் பிரசவத்தில் குழந்தை தலைக்குப் பதில் கால் முன்னால் வந்தபோது பேச்சிதான் ஓடி வந்தாள். பிள்ளை தங்கவில்லை, வடிவு பிழைத்தாள். இப்போது மறுபடியும் ஏழாம் மாதம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அரண்மனை வைத்தியர் அமிர்தலிங்கப் பண்டிதர், ராஜா மாறவேளின் காதில் ஒரு யோசனையை ஊற்றினார்.

"மகாராஜா, ஆளுக்கொரு வைத்தியர் எதற்கு? தாங்கள் சாப்பிடும் மருந்தையே எல்லோரும் சாப்பிடட்டும். தங்கபஸ்பம், முத்துபஸ்பம், வேட்டைக் களைப்புக்குக் கஷாயம், சபைத் தலைவலிக்குச் சந்தனப் பற்று! இப்படியும் ஒரு ராஜாவா என்று உலகமே வியக்கும்."

உலகம் வியக்கும் என்றால் மாறவேளுக்கு மறுத்துச் சொல்ல வராது. 'ராஜா எடுக்கும் காப்பே எல்லோருக்கும்' என்று தண்டோரா போட்டார்கள். பிடிக்கும் நெல் இரண்டு மடங்கு என்ற இடம் வந்தபோது மட்டும் தண்டோராக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மடைப்பள்ளியில் ஒரே கொண்டாட்டம். "இனிமே எனக்கு இருமல் வந்தா தங்கம்!" என்றான் தண்ணீர் இறைக்கும் சடையன்.

"உனக்கு என்னைக்கு அண்ணே இருமல் வந்திருக்கு?" என்றாள் வடிவு. "கயிறு அறுத்து உள்ளங்கைதானே புண்ணாகுது? அதுக்கு என்ன தருவாங்களாம்?"

சடையன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அதைக் கேக்கலியே."

வாசலில் சாத்தப்பன் வடை தின்றுகொண்டிருந்தார். ராஜாவைச் சிரிக்கவைத்துச் சம்பளம் வாங்குகிறவர். வடிவு அவரிடம் போனாள்.

"ஐயா, எனக்குச் சந்தனப் பற்று வேணாம். பேச்சி வேணும். பண்டிதர்கிட்ட கேட்டேன். 'ராஜா பிள்ளை பெறுவதில்லை, அதனால் காப்பில் மருத்துவச்சி இல்லை'ங்கிறார்."

சாத்தப்பன் வடையைக் கீழே வைத்தார். அவர் வடையைக் கீழே வைப்பது அபூர்வம்.

"அப்படியானால் ராஜா பிள்ளை பெற வேண்டியதுதான் தாயி," என்றார்.

விஜயதசமி காலை. வடிவு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சந்நிதிக்கு வந்தாள். கருவிகள் வரிசையாக இல்லை. பெரிய குவியல் ஒன்று, மேலே சிவப்புத் துணி. பூஜை ஏற்பாடு சாத்தப்பனுடையது.

"என்ன சாத்தப்பா இது?" என்றார் ராஜா.

"தங்கள் ஆணைதான் மகாராஜா. மருந்து பொதுவானால் வேலை மட்டும் தனித்தனியா? தங்கள் வாளும் மற்றவற்றோடுதான் இருக்கிறது. முதல் கை தங்களுடையது. காப்பைச் சொல்லிவிட்டுத் துணிக்குள் கையை விடுங்கள்."

ராஜா அம்மனைப் பார்த்தார். அம்மன் சாத்தப்பன் கட்சி போலத்தான் தெரிந்தது.

கை துணியின் ஓரம் வரை போய் நின்றது. "தென்னை ஏறுகிறவனின் அரிவாளில் பட்டால்?"

"ஒரு வருஷம் ஏறலாம். மேலே காற்று நன்றாக வரும்."

"பண்டிதரே, விழுந்தால்?"

"மகாராஜா விழுவதாவது! அப்படியே விழுந்தாலும் முத்துபஸ்பம் கொடுத்தால் மனம் தெளியும்."

"இடுப்பு?"

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "இடுப்பு காப்பில் இல்லை."

ராஜாவின் கை அரை முழம் பின்வாங்கியது. "ஆபத்தில்லாத வேலை எதுவும் இல்லையா சாத்தப்பா?"

"அரிவாள்மணை இருக்கிறதே! உட்கார்ந்த இடத்தில் காய் நறுக்கலாம்."

"அப்பாடா! யாருடையது அது?"

"இதோ, வடிவுடையது."

ராஜா வடிவைப் பார்த்தார். வடிவின் வயிற்றைப் பார்த்தார்.

"வேலையோடு அவள் பாடும் கூடவே வரும் மகாராஜா," என்றார் சாத்தப்பன் பணிவாக. "மார்கழியில் என்று பேச்சி சொல்லியிருக்கிறாள்."

சடையனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டான்.

"பண்டிதரே! பிரசவத்துக்கு?"

"மகாராஜா... அது வந்து..."

"எனக்கு மருத்துவச்சி வேண்டும்!" ராஜா போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன. "எலும்பு கட்டுகிறவரும் வேண்டும்! விஷக்கடி வைத்தியரும் வேண்டும்! யாருக்கு எங்கே நோகுமோ அதற்கானது அவரவருக்கு வேண்டும். அவரவர் வாயாலேயே சொல்லட்டும். ராஜா எடுக்கும் காப்பு இதுதான்!"

"பழைய அளவு நெல்லுக்கா மகாராஜா?" என்றார் சாத்தப்பன்.

"பழைய அளவுக்கே! முதலில் அந்தத் துணியை எடு!"

சாத்தப்பன் எடுத்தார். அடியில் கொழுத்த பூசணிக்காய்கள் உட்கார்ந்திருந்தன. கருவிகள் எல்லாம் தூணுக்குப் பின்னால், வைத்த பொட்டு கலையாமல் வரிசையாக இருந்தன.

ராஜா கிரீடம் சரியும்வரை சிரித்தார். வடிவு போய்த் தன் அரிவாள்மணையைத் தொட்டாள். "மருத்துவச்சி பேச்சி," என்றாள். அத்தனை மாதம் உள்ளே இருந்த பெயர். வெளியே வரும்போது கொஞ்சம் நனைந்திருந்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். "சரி, உனக்கு யார் வைத்தியர்?"

சாத்தப்பன் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் மருந்து அரைப்பதுபோல் பல்லை அரைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் மருத்துவச்சியே போதும் மகாராஜா."

"உனக்கு எதற்கடா மருத்துவச்சி?"

"இந்த வருஷம் பண்டிதர் கையால் மருந்து குடித்துப் பிழைப்பதைவிட, நான் பிள்ளை பெற்றுப் பிழைப்பது சுலபம் மகாராஜா!"