மரங்கொத்தியின் வழக்கு

மேலமந்தை ஜமீனின் மாந்தோப்புக்குக் காவல்காரன் கொம்பையா. தோப்பைவிட்டு அவன் போவதில்லை. தோப்புக்குள் யாரும் வருவதுமில்லை. அவன் பேச்சுக்குக் காது கொடுத்தது ஒரு மரங்கொத்தி மட்டுமே.

ஜமீன்தார் கப்பலில் வரவழைத்த மரப்பெட்டிகளோடு ஒரு வண்டும் வந்து இறங்கியது. அதன் புழுக்கள் மாமரங்களைக் குடைந்தன. மரங்கள் வாடவே, முதுகில் கட்டுப்போட்டிருந்த ஜமீன்தார் பல்லக்கில் வந்து பார்த்தார். மரமெல்லாம் ஓட்டை, ஓட்டையருகே மரங்கொத்தி.

“ஏலே, கையும் களவுமா மாட்டிக்கிட்டான் பாரு! அந்தக் களவாணியைக் கொன்னு இப்பவே கொண்டா. இல்லேன்னா உன் தோலை உரிச்சிருவேன்.”

“ஆகட்டும் எசமான்” என்றான் கொம்பையா. “ஆனா வரிசைப்படிதானே செய்யணும்? முந்தாநாள் உங்க முதுகுல கத்தி வச்ச வைத்தியரை முதல்ல கொன்னுடலாமா?”

“மூதி! அவர் கட்டியைக் கீறிச் சீழையில்லா எடுத்தாரு!”

அந்த நேரம் பார்த்து மரங்கொத்தி ஓட்டையிலிருந்து கொழுத்த புழு ஒன்றை இழுத்து விழுங்கியது. பல்லக்குத் தூக்கிகள் சிரிப்பை அடக்க இருமினார்கள்.

“சரி சரி, அது பாட்டுக்கு வைத்தியம் பாக்கட்டும்” என்றார் ஜமீன்தார், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

தோப்பு பிழைத்தது. புழுக்கள் தீர்ந்ததும் மரங்கொத்தி இரை தேடி வேறு தோப்புக்குப் போய்விட்டது. கொம்பையா கொஞ்ச நாள் அது கொத்திய மரத்தோடு பேசிப்பார்த்தான். மரம் நலமாக இருந்தது; பதில்தான் சொல்லவில்லை.