ரூமி இலையும் மூன்று நாள்களும்

காயல் துறையில் யூனானி வைத்தியர் ஹக்கீம் செய்யிது மீரானுக்குச் சீடராயிருந்த மொகுதூம், அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முன்பு மரக்கலத்தில் சமையற்காரர். குடற்புண்ணோடு கரையிறங்கி, ஹக்கீமின் வாசலில் மூன்று நாள் புரண்டு, நான்காம் நாள் அவர் கொடுத்த சாற்றினால் பிழைத்தார். பிழைத்தவர் ஊர் திரும்பவில்லை, மருந்துரலருகே உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சாறு, மேற்கே ரூமி நாட்டுக் கடலோரத்தில் விளையும் ஒரு புதர்ச்செடியின் இலையிலிருந்து இறக்குவது. கப்பலில் மூட்டை வரும்போதெல்லாம் மொகுதூம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு ஹக்கீம் அதை உள்ளே கொண்டுபோய்க் கதவடைத்து, மூன்று நாள் கழித்துத்தான் மருந்தாக வெளியே தருவார்.

அன்று புது மூட்டை வந்திருந்தது. முன்பு மொகுதூமுக்கிருந்த அதே வலியோடு, வலை பின்னும் சூசையம்மாளும் வந்திருந்தாள். மொகுதூம் காத்திராமல் தாமே இலையை எட்டுக்கு ஒன்றாய்ச் சுண்டக் காய்ச்சினார். கோப்பை நிறைய ஊற்றி வாசலுக்கு எடுத்துச் சென்றார். மூத்தவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றே அழைக்கும் ஹக்கீம் வழிமறித்தார்.

“மூன்று நாள் பொறுங்கள், காக்கா. அதுவரை கஞ்சித்தெளிவும் பழைய சூரணமும் கொடுங்கள்.”

“எனக்கும் இதையேதான் சொன்னீர்கள், ஹக்கீம். அந்த மூன்று நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.”

“தெரியும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்கிறீர்கள்.”

“என்னைப் பிழைக்கவைத்த இலைதானே இது?”

“இலை அதுவே. அது குடித்த மழையும் அதுவேயா? மழைக்கு மழை வீரியம் மாறும்.”

“மழையைப் பற்றிக் கேட்டால் கப்பல்காரனுக்கே தெரியாது. அவள் துடிக்கிறாள். அன்று நான் துடித்தபோது நீங்கள் உள்ளே என்னதான் செய்தீர்கள்? ஓங்கரிக்கும் ஒலி மட்டும் கேட்டது. யாரோ கெட்டுப்போன மீனைத் தின்றுவிட்டார் என்று நினைத்தேன்.”

ஹக்கீம் குனிந்து அடுப்பைத் தணித்தார்.

“மீன் அல்ல, காக்கா, அப்போது வந்திருந்ததும் ஒரு புது மூட்டை. முதல் நாள் அதன் சாற்றில் ஒரு கரண்டி குடித்தேன். குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. மறுநாள் அரைக் கரண்டி. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் கால் கரண்டி, நன்றாக உறங்கினேன். நான்காம் நாள் உங்களுக்குக் கொடுத்தேன்.”

மொகுதூம் கோப்பையைப் பின்னுக்கு இழுத்தார். சூசையம்மாள் வயிற்றைப் பிடித்தபடி, மொகுதூமின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோர் ஆண்டுகள் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய கை அது.



“இந்த மூட்டைக்கு நான் குடிக்கிறேன், ஹக்கீம். தடுக்காதீர்கள்.”

கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார்.

“தடுக்கவில்லை, காக்கா,” என்றார் ஹக்கீம். “கோப்பையை வைத்துவிட்டுக் கரண்டியை எடுங்கள். நான் மேலிருந்து இறங்கி வந்தேன். நீங்கள் துளியில் தொடங்கிக் கீழிருந்து ஏறுங்கள்.”