பெரிய தெருவில் மாட்டுக்கு வந்த மனை

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மனுசனும் காது கொடுத்துக் கேட்பான். இப்போது இரண்டும் இல்லை. அது எப்படிப் போயிற்று என்பதும் இந்தக் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

செங்காட்டூருக்கு அப்போது ஊர் என்று பேர்தானே ஒழிய, நடுவே ஒரு வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் ஓலைக்குடிசை, அவ்வளவுதான். ஊர்த்தலைவர் பூதலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரன் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு பெரிய தெரு வேண்டும், இரண்டு பக்கமும் கல்கட்டடமாக நிற்கவேண்டும் என்று ஆசை. ஆசை இருந்தால் போதுமா? கல் மலையடிவாரத்தில் அல்லவா கிடக்கிறது! அதை இழுத்துவர ஊரில் ஒரே ஒரு ஜோடிக் காளைதான் இருந்தது. மூத்தது மயிலை, இளையது செவலை.

"கூலி என்ன வேணும்லே உங்களுக்கு?" என்றார் பூதலிங்கம்.

மயிலைக்கு வாய் குறைவு. செவலைதான் பேசியது. "வைக்கோல் எங்கயும் கெடைக்கும் ஐயா. எங்களுக்கு இந்தத் தெருவுல ஒரு மனை வேணும். அண்ணனுக்கு இப்பமே முட்டி வலிக்கு. நாளைக்கு நடக்க முடியாமப் போச்சுன்னா படுக்க ஒரு எடம் வேணும்லா?"

"இம்புட்டுத்தானா!" என்றார் அவர். சத்திரம் வரப்போகிற இடத்துக்கும் சரக்குக் கிட்டங்கி வரப்போகிற இடத்துக்கும் நடுவில் நாலு மூலையிலும் முளை அடித்துக் காட்டினார். கூரையும் போட்டுத் தருவதாக அம்மன் மேல் சத்தியம் பண்ணினார். செவலைக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

வேலை மும்முரமாக நடந்தது. சத்திரத்து மணியக்காரர் சொக்கையா, "வழிப்போக்கன் காலை நீட்டிப் படுக்க வேண்டாமாய்யா?" என்று சொல்லிச் சுவரை ஒரு முழம் தள்ளிப் போட்டார். கிட்டங்கியில் உப்பும் கருவாடும் அடுக்கப்போகிற உலகாத்தாள் சும்மா இருப்பாளா? "அவரு தள்ளுவாரு, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமோ? நான் என்ன இளிச்சவாய்ச்சியா?" என்று அவள் இந்தப் பக்கமிருந்து தள்ளினாள். அதைப் பார்த்து அவர் ஒரு படிக்கட்டு வைத்தார். படிக்கட்டைப் பார்த்து அவள் ஓர் உப்பறை கட்டினாள். மாடுகளோ கல்லை இறக்கினோமா, மலைக்குத் திரும்பினோமா என்று கிடந்தன. முளை இருக்கிறதா என்று பார்க்க அவற்றுக்கு ஏது நேரம்?

கடைசிக் கல்லை இறக்கிய அன்று மயிலையின் முட்டி மடங்கியே போயிற்று. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. "வாண்ணே, நம்ம எடத்துக்குப் போவோம்" என்று செவலை தோள்கொடுத்து மெல்ல நடத்திக்கொண்டு போனது.

போய்ப் பார்த்தால் மனை எங்கே இருக்கிறது? சத்திரத்துச் சுவரும் கிட்டங்கிச் சுவரும் ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவே கை நுழைய வழியில்லை. அந்த மனையை அடைத்த கல் அத்தனையும் செவலையும் அண்ணனும் நுரை தள்ள இழுத்துவந்த கல்.

நேரே பூதலிங்கத்திடம் போய் முறையிட்டது. அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கு என்னை என்னலே செய்யச் சொல்லுத? கட்டினதை இடிக்கவா? நாளைக்கு ராசாவோட அதிகாரி தெருவைப் பாக்க வாராவ. எங்கயாவது காலி எடம் இருந்தா நீயே பாத்து எடுத்துக்க, போ!"

செவலை தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தது. இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் சுவர். சுவர் எழும்பாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மயிலையைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருவின் நட்டநடுவில் படுக்கவைத்துத் தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"இதுதானா தம்பி நம்ம எடம்?" என்று கேட்டது மயிலை.

"ஆமாண்ணே. நம்ம எடந்தான்."

"நல்ல அகலமா இருக்கு" என்றது மயிலை, பாவம். மழை பெய்தது. இரண்டும் நனைந்துகொண்டே கிடந்தன.

விடிந்ததும் மேளமும் தாளமுமாக அதிகாரியின் பல்லக்கு வந்தது. நடுத்தெருவில் இரண்டு மாடு! பூதலிங்கம் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். "எந்திரிலே, மானத்தை வாங்காத!"

"முளை அடிச்ச மனையக் காட்டுங்க ஐயா. இப்பமே எந்திக்கோம்" என்றது செவலை.

பூதலிங்கம் திரும்பி, "யாராச்சும் ஒருத்தர் சுவரை எடுங்கப்பா!" என்று கெஞ்சினார்.

"சத்திரம் தருமக் காரியம், அதுல கைவைக்கப்படாது. அந்தம்மாவைக் கேளும்" என்றார் சொக்கையா.

"மொதல்ல தள்ளினது யாரு? அவரே எடுக்கட்டும்!" என்றாள் உலகாத்தாள். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது.

அதிகாரி பல்லக்கிலிருந்து தலையை நீட்டினார். "என்ன ஓய் அங்கே சத்தம்? இது யார் மாடு? ஏன் இங்கே கிடக்கிறது?"

உள்ளதைச் சொன்னால் பொய்ச் சத்தியம் வெளியே வரும். "ஒண்ணுமில்லீங்க எசமான். அது... அதோட எடங்க. நாமதான் சுத்திப் போகணும்" என்று பூதலிங்கம் ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். பல்லக்குத் தூக்கிகளும் அப்படியே ஓரமாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

செவலை ஏதோ சொல்ல வாயெடுத்தது. அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. பேசி வாங்கின மனை சுவருக்குள் போயிற்று. பேசாமல் படுத்த மனை கைக்கு வந்துவிட்டது. இனி இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது? வாயை மூடி அசைபோட ஆரம்பித்தது. மயிலை அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போயிற்று.

அன்று முதல்தான், எந்தப் பழைய ஊரின் பெரிய தெருவுக்குப் போனாலும் கட்டடங்கள் இடுக்கில்லாமல் சுவரோடு சுவராக நிற்கின்றன. மாடு நடுத்தெருவில் படுத்து வாய்திறவாமல் அசைபோடுகிறது. பஸ்காரன் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கிப் பார்ப்பான், கையை நீட்டித் திட்டுவான், கடைசியில் வண்டியை ஒடித்துச் சுற்றிக்கொண்டுதான் போவான். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது. சொந்த மனையில் படுத்திருக்கிறவர்கள் எதற்காக எழுந்திருக்க வேண்டும்?