கூழாங்கல் செடியும் அணிலின் தண்ணீரும்

பாறைகள் மிகுந்த ஒரு காட்டில் அணில் ஒன்று வாழ்ந்துவந்தது. சும்மா இருப்பது மட்டும் அதற்கு வராது. பக்கத்துக் கூட்டில் குஞ்சு கத்தினால் தாய்ப்பறவைக்கு முன்னால் அது போய் நிற்கும். யாருக்காவது காலில் முள் தைத்தால், கேட்பதற்குள் பிடுங்கிவிடும்.

அந்த அணிலுக்கு ஆமை ஒன்று நண்பன். ஆமை எதற்கும் அவசரப்படாது. தன் வளை வாசலில் அது மூன்று கூழாங்கல் செடிகளை வளர்த்துவந்தது. ஒவ்வொன்றும் அடியில் ஓட்டை போட்ட ஒரு தேங்காய்ச் சிரட்டையில், பருமணலும் பொடிக்கல்லும் கலந்த மண்ணில் இருந்தது. தடித்த இரண்டு இலைகள், நடுவில் ஒரு கீறல். செடி என்பது அவ்வளவுதான். தெரியாதவர்கள் கல் என்று நினைத்து மிதித்துவிட்டுப் போவார்கள். எங்கிருந்தோ வந்த பறவையின் காலில் ஒட்டியிருந்த மூன்று விதைகளை எடுத்து ஊன்றி, நான்கு ஆண்டுகள் காத்திருந்து ஆமை அவற்றை ஆளாக்கியிருந்தது. அதனிடம் வேறு விதை இல்லை.

கோடை தொடங்கியது. இனி மழை வரும்வரை ஆமை மண்ணுக்குள் புதைந்து தூங்கும். தூங்கப் போகுமுன் மூன்று சிரட்டைகளையும் அணிலிடம் ஒப்படைத்தது.

"காலை வெயில் படும் இடத்தில் வை. நான் எழுந்து வரும்வரை தண்ணீர் விடாதே" என்றது.

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட வேண்டாம்."

அணில் சரி என்றது. அப்போது அதை மனதாரத்தான் சொன்னது.

முதல் சில நாட்கள் ஒரு குறையும் இல்லை. அணில் சிரட்டைகளை வெயிலில் வைத்தது, மேலே விழுந்த தூசியை வாலால் தட்டியது. பிறகு ஒருநாள் செடிகளின் தோலில் மெல்லிய சுருக்கம் தெரிந்தது. நாளுக்கு நாள் சுருக்கம் கூடியது. இலைகள் வதங்கி உள்ளே ஒடுங்கின. அணிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆமை சொன்னதை நினைத்துத் தன்னை அடக்கிக்கொண்டது.

அந்த வழியாக ஒரு மைனா வந்தது. அதற்கு எதைப் பார்த்தாலும் ஒரு கருத்து உண்டு. சிரட்டைகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுச் சொன்னது:

"நம்பிக் கொடுத்த செடியை இப்படிக் காயப்போட்டு வைத்திருக்கிறாயே."

அந்தச் சொல் அணிலைத் தைத்தது. மைனா போனதும் அது ஓடைக்கு ஓடியது. இலையைச் சுருட்டித் தண்ணீர் மொண்டு வந்து முதல் செடிக்கு ஊற்றியது.

மூன்றாம் நாள் காலை அந்தச் செடி சுருக்கமெல்லாம் போய்ப் பளபளவென்று உப்பியிருந்தது. அணிலுக்கு உயிர் வந்தது. ஆமை ஏன் அப்படிச் சொன்னதோ என்று வியந்தபடி, இரண்டாவது செடிக்கும் வயிறு நிறைய ஊற்றியது. மூன்றாவதற்கு ஊற்ற இலையில் தண்ணீர் போதவில்லை. மறுபடி ஓடைக்குப் போய் மொண்டு வந்தது.

திரும்பி வந்தபோது முதல் செடி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தது. விரல் உள்ளே போயிற்று. தோல் வெடித்து, அழுகிய நீர் மணலில் வழிந்தது.

அணில் அந்த இலையை விலக்கியது. உள்ளே, நகக்கண் அளவில், புதிதாக இரண்டு இலைகள் இருந்தன. அவையும் குழைந்துபோயிருந்தன.

அணிலுக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய இலை தாகத்தால் வதங்கவில்லை. தன்னிடம் இருந்த நீரையெல்லாம் உள்ளே இருந்த பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் வந்து தண்ணீர் ஊற்றியது, தான்தான்.

இரண்டாவது செடியைக் காப்பாற்ற அதற்குத் தெரிந்ததெல்லாம் செய்தது. ஈர மணலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு உலர்ந்த மணலை இட்டது. மூன்று நாட்கள் கழித்து அதுவும் அழுகிவிட்டது.

மூன்றாவது மிஞ்சியது. அதன் இலைகள் இன்னும் சுருங்கின, பழுப்பேறின, கடைசியில் சருகுபோல் ஆயின. அணில் இரண்டுமுறை ஓடைவரை போய்த் தண்ணீரும் மொண்டது. இரண்டுமுறையும் பாதி வழியில் கீழே கொட்டிவிட்டுத் திரும்பியது. மைனா வந்து ஏதேதோ சொன்னது. அணிலோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு செடியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் வாழ்நாளில் அவ்வளவு கடினமான வேலையை அது செய்ததில்லை.

ஒருநாள் காலை அந்தச் சருகு நடுவில் பிளந்தது. பிளவுக்குள்ளிருந்து புத்தம்புதிய இரண்டு இலைகள், சாம்பல் நிறத்தில் செம்புள்ளி தெளித்தாற்போல, வெளிச்சத்துக்கு வந்தன.

மழை வந்தது. ஆமை மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தது. அணில் ஓடி ஒளியவில்லை. வெற்றுச் சிரட்டைகள் இரண்டையும், செடியிருந்த ஒன்றையும் ஆமையின் முன்னால் வைத்து தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. மைனாவின் பேரை அது எடுக்கவே இல்லை.

ஆமை வெற்றுச் சிரட்டைகளைப் பார்த்தது. அதன் கண்கள் கலங்கின.

"மூன்றாவதற்கு ஏன் ஊற்றவில்லை?" என்று கேட்டது.

"ஊற்றத்தான் நினைத்தேன். என் பயம் போகத்தான் ஊற்றுகிறேன், செடிக்காக இல்லை என்று தெரிந்தது. அதனால் சும்மா இருந்தேன்."

ஆமை மெல்ல நகர்ந்து போய்ப் பழைய இலையின் சருகைத் தொட்டுப் பார்த்தது. அது முழுவதும் காய்ந்திருந்தது.

"பழைய இலையில் கொடுக்க இனி நீர் இல்லை. இப்போது இதற்குத் தண்ணீர் வேண்டும்" என்றது. "நீயே விடு."

அணில் தயங்கித் தயங்கி மணலின் ஓரமாகக் கொஞ்சம் விட்டது. விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது.

நீதி: நம் மனம் ஆறுவதற்காகச் செய்வது அன்பு ஆகாது, எதிரே இருப்பதற்கு எது வேண்டும் என்று அறிந்து செய்வதே அன்பு.