பாதி ஆற்றில் நின்ற ஓடம்

குவளைநாட்டில் அரசாங்க ஓடம் இல்லாவிட்டால் யாருக்கும் ஆற்றைக் கடக்க வழியில்லை. ஓடத்துக்கு எட்டுத் துடுப்புக்காரர்கள். புதிதாக வந்த அமைச்சர் ஏகநாயகர் ஒரு கணக்குப் போட்டார். "ஓர் ஆள் இரண்டு ஆள் வேலை செய்தால் நாலு பேர் போதுமே" என்று ஆணையிட்டுவிட்டார்.

அன்றிலிருந்து துறையில் சோறு தின்ன நேரமில்லை. தோள்கள் வீங்கின. ஒருநாள் சூரன் என்ற துடுப்புக்காரன் மயங்கி ஆற்றில் விழுந்தான். இழுத்துப் போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

ஒவ்வொருவராகப் போய் அமைச்சரிடம் முறையிட்டார்கள். "மற்றவர்கள் சும்மா இருக்கிறார்களே, உனக்கு மட்டும் என்ன?" என்று எல்லாரையும் ஒரே பதிலில் திருப்பி அனுப்பினார்.

துறைக்காரர் அத்தனை பேரும் ஆற்று மணலில் கூடினார்கள். "இனி ஒருத்தன் நின்றால் எல்லாரும் நிற்போம்" என்று துடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். தங்களில் ஒருவனான வீரணனைத் தலைவனாக்கினார்கள். அவன் அரசவை விகடகவி புல்லூராரிடம் போய் யோசனை கேட்டான்.

"ஆணையை மீறாதீர்கள். அதன்படியே நடந்துவிடுங்கள்" என்று சொல்லி, அவன் காதில் ஏதோ ஓதினார் புல்லூரார்.

தைப்பூசத்தன்று அக்கரைக் கோயிலுக்கு அரசர் மாறவேள் கிளம்பினார். கூடவே அமைச்சரும் புல்லூராரும். நட்டாற்றில் நாலு பேரும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"ஏன் நின்றுவிட்டது?" என்றார் அரசர்.

வீரணன் வாயைத் திறந்தான். புல்லூரார் முந்திக்கொண்டார்.

"அமைச்சர் ஆளைப் பாதியாக்கினார், அரசே. ஆற்றைப் பாதியாக்க மறந்துவிட்டார். பாதி ஆளுக்கு உண்டான பாதி ஆறு முடிந்துவிட்டது."

அமைச்சர் பல்லைக் கடித்தார். பக்கத்தில் இருந்த சூரனிடம் குனிந்து, "நீ மட்டும் துடுப்புப் போடு. அரண்மனையில் வேலை தருகிறேன்" என்றார்.

சூரன் மறுபேச்சில்லாமல் துடுப்பை வலித்தான். ஓடம் இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. அமைச்சர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தன் மட்டும் போட்டால் இப்படித்தான் சாமி. சுற்றலாம், கரை சேர முடியாது" என்றான் சூரன்.

அரசர் மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். "சரி, உங்களுக்கு என்ன வேண்டும்?"

வீரணன் கைகூப்பினான். "பழையபடி எட்டுப் பேர் வேண்டும். உச்சிவேளையில் தோள் ஆற ஓய்வு வேண்டும். நாங்கள் நாலு பேர் மட்டும் கேட்கவில்லை அரசே, துறையே கேட்கிறது."

"கரை சேர்ந்ததும் சொல்கிறேன்."

"சேர வேண்டுமே," என்றார் புல்லூரார். "நாலு இடம் காலி. நல்லவேளை, இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் செய்யலாம் என்று கண்டுபிடித்தவரே இங்கே இருக்கிறார்." ஒரு துடுப்பை எடுத்து அமைச்சர் கையில் கொடுத்தார். அரசர் தலையசைத்தார்.

வேறு வழியில்லை. ஏகநாயகர் வலித்தார். மற்ற நாலு பேரும் கூடவே வலித்தார்கள். கரை நெருங்கும்போது அவர் வேட்டி நனைந்து, கை கொப்புளித்து, மூச்சு இரைத்தது.

"இப்போது சொல்லும் அமைச்சரே," என்றார் அரசர். "ஓர் ஓடத்துக்கு எத்தனை பேர் வேண்டும்?"

"பத்துப் பேர், அரசே."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வீரணா, உச்சிவேளை ஓய்வு உண்டு. ஆனால் நீ கேட்ட எட்டுப் பேரைத் தர முடியாது. அமைச்சரே பத்துக் கேட்கிறார், அவர் பேச்சை நான் எப்படித் தட்டுவேன்?"