மாடி அறையில் ஓடிய ஆறு

“அம்மா, ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூச்சமா இருக்கு” என்றார் தணிகைமணி வாத்தியார்.

“கேளுங்க வாத்தியாரய்யா. கீரை ஆய்ஞ்சுகிட்டே கேட்டுக்கிறேன்” என்றார் செண்பகத்தம்மாள்.

ஊருக்கு வெளியே இருக்கும் அந்தச் சின்ன மடத்தில் ஏழெட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் அம்மாதான் குரு. வாத்தியாரைவிட இருபது வயது சின்னவர். அஞ்சாம் வகுப்போடு நின்றவர். வாத்தியாரோ முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். போன வருஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மாடி அறையில் தங்கிவிட்டார்.

“கண்ணை மூடி உக்காந்தா கால் வலிதான் தெரியுது. மனசு அடங்கல. ஆனா போன்ல ஒண்ணு பாக்கிறேன். அதுல அடங்குது. தப்பாம்மா?”

“சினிமாவா?”

“ஐயையோ, இல்லம்மா! ஆறு.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். போனில் ஒரு பெரிய ஆறு வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் பச்சை மலை. மலை மேலே ஒரு பழைய கோட்டை. கீழே சிவப்பு ஓடு போட்ட வீடுகள், சோழி கொட்டின மாதிரி.

“இது ரைன் நதிம்மா. ஐரோப்பாவுல ஓடுது. பறக்கிற சின்னக் கேமரா வெச்சு மேலேயிருந்து எடுக்கிறாங்க.”

“அந்தக் கோடு கோடா இருக்கிறது?”

“திராட்சைத் தோட்டம்.”

“எண்ணெய் வெச்சு வாரின தலை மாதிரி இருக்கு. கரையில அது என்ன, வெள்ளையா ஒரு புள்ளி?”

“அன்னமா இருக்கும். ஆளாவும் இருக்கலாம்.”

“ஆளுன்னா சும்மா நிக்குதா, யாருக்காவது காத்துக்கிட்டு நிக்குதா?”

“அதெல்லாம் இவ்வளவு உயரத்துல தெரியாதும்மா. அதுதானே நிம்மதி! யார் யாரைத் திட்டினாங்க, யார் மேல தப்பு, ஒண்ணும் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி அழகா இருக்கு. துறவுன்னா இதுதானோன்னு தோணுது.”

அம்மா படம் முடிகிற வரை பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. பாத்தா தப்பு ஒண்ணுமில்ல.”

வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“வெள்ளிக்கிழமை மக வருதுன்னு லெட்டர் வந்துச்சே?” என்றார் அம்மா.

வாத்தியார் போனை அணைத்தார்.

அவருக்கு ஒரே மகள், இளவேனில். ஏழு வருஷம் முன்னால் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டார். மடத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்தாள். இரண்டு தடவையும் வாத்தியார் மாடியை விட்டு வரவில்லை. இப்போது புருஷனுக்கு அசாமில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில். போவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

“வரட்டும்மா. எனக்குக் கோபம் போயிடுச்சு. பாசமும் போயிடுச்சு. அவ வந்தாலும் அந்த வெள்ளைப் புள்ளி மாதிரித்தான்.”

“அப்படியா” என்று அம்மா கீரையை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மௌனம். விளக்கு வைக்கிற வரை பேச மாட்டார். சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

பத்து மணிக்கு இளவேனில் வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கீழே கூடத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

குழந்தை எதற்கோ கெக்கெக்கென்று சிரித்தது மாடி வரை கேட்டது. வாத்தியார் போனில் சத்தத்தைக் கூட்டிவைத்தார். ரைன் முடிந்தது. அடுத்து டான்யூப் நதியைப் போட்டார். மறுபடி சிரிப்புச் சத்தம். இன்னும் கூட்டினார்.

சாப்பாட்டு நேரம் போனது. இளவேனில் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு அவளுக்குப் பஸ்.

இரண்டரைக்கு அம்மா மாடிக்கு வந்தார். சிலேட்டை வாத்தியார் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சிலேட்டில் ஒரே சொல்தான் இருந்தது. ‘இரங்கு.’

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். “கீழே வான்னு எழுதறதுக்குச் சின்ன ர போட்டிருக்காங்களே!”

டான்யூப்பைப் பார்த்தார். ஒரு படகு போனது. கண் சிலேட்டுக்கு வந்தது. ஒரு பாலம் வந்தது. கண் மறுபடி சிலேட்டுக்கே வந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்பு ர-வை அவர் தாண்டிப் போகவிட்டதில்லை. குரு எழுதியதை அழிக்கக் கை வரவில்லை. அப்படியே விடவும் முடியவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியில் வந்தார்.

படி முடிகிற இடத்தில் அம்மா இல்லை. இளவேனில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். முன்நெற்றியில் நாலைந்து நரைமுடி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அது இல்லை.

வாத்தியார் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்.

“அம்மா எங்கே? இதுல எழுத்துப் பிழை இருக்கு” என்றார்.

அவள் சிலேட்டைப் பார்த்தாள். “பிழை இல்லப்பா.”

“என்ன இல்ல? கீழே வர்றதுக்குப் பெரிய ற.”

“கீழே வர்றதுக்குப் பெரிய ற. மனசு இளகறதுக்குச் சின்ன ர. நான் நாலாவது படிக்கும்போது நீங்கதான் சொன்னீங்க. மாத்தி எழுதிட்டேன்னு நூறு தடவை எழுத வெச்சீங்க.”

“நூறா?”

“நூத்திப் பத்து. எதிர்த்துப் பேசினதுக்குப் பத்து.”

வாத்தியார் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை பாயிலிருந்து எழுந்து வந்து சிலேட்டைக் கையால் தேய்த்தது. அவர் தடுக்கவில்லை.

“பேர் என்ன?” என்றார்.

“நீங்க எனக்கு முதல்ல வைக்க நினைச்ச பேருதாம்ப்பா. பூங்குழை” என்று சொல்லிவிட்டு இளவேனில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்று மணி பஸ் போய்விட்டது. ஐந்து மணி பஸ்ஸுக்குத்தான் கிளம்பினாள். வாத்தியார் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை கூடவே போனார். இளவேனில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்த எழுத்தைத் தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா?”

“எனக்கு அது ரெண்டும் என்னைக்கும் குழப்பம்தான் வாத்தியாரய்யா. உங்களுக்கு எது முதல்ல வந்துச்சு?”

வாத்தியார் யோசித்தார்.

“பெரிய ற-தாம்மா. பிழையைத் திருத்தத்தான் கீழே வந்தேன்.”

“வந்தா போதும்” என்றார் அம்மா. “சின்னது பின்னாடியே வந்துருச்சுல்ல.”