கிடா கண்டுபிடித்த கிழங்கு

மழை பொய்த்த காடு ஒன்றில் தாடிக்காரக் கிடா ஒன்று இருந்தது. ஏரிக்கு அப்பால் பச்சைப் புல்வெளி இருப்பதாகப் பேச்சு. அதற்கு வழி கண்டுவருபவருக்கு மந்திரிப் பதவி என்று யானைராஜா அறிவித்தார். கிடா தாடியை நீவிக்கொண்டு கிளம்பியது.

மந்திரியாகப் போகிறவர் ஏரிக்கரையிலேயே பசியில் சுருண்டு விழுந்தார். அங்கே குடியிருந்த காட்டுப்பன்றி ஓடிவந்து, அவித்த காட்டுக்கருணைக் கிழங்கை ஊட்டியது.

"தம்பி, இதை அப்படியே தின்னுடாதே. புளியந்தழைத் தண்ணியில ஊறப்போட்டுத்தான் அவிக்கணும். இல்லேன்னா..."

"சரி சரி, இன்னொண்ணு வை," என்றது கிடா.

அந்த ஏரியில் வாழ்ந்த நீர்நாய் ஒன்று நாணலில் தெப்பம் கட்டி, அக்கரைக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது. நம் ஆள் போகவர ஒரே குறட்டை.

சபையில் அளந்ததைக் கேட்கணுமே! "புல்வெளியைக் கண்டுபிடித்தேன். தெப்பம் கண்டுபிடித்தேன். கிழங்கு ஒன்றும் கண்டுபிடித்தேன்."

"துணைக்கு யாருமில்லையா?" என்றார் ராஜா.

கிடாவுக்குப் பன்றியின் சேறு அப்பிய முகம் நினைவுக்கு வந்தது. பதவியில் பங்கு கேட்குமோ என்று தாடியை நீவிக்கொண்டது.

"ஒரு ஈ காக்கை இல்லை, ராஜா."

புது மந்திரியின் பின்னால் காடே பசியோடு கிளம்பியது. ஏரிக்கரையில் கிடா தானே மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்தது. "தம்பி, ஊறப்போடலையே," என்று பன்றி பதறியது.

"யாரப்பா நீ? வழியை விடு," என்று சொல்லிவிட்டு, ராஜாவுக்கு ஒன்றைக் கொடுத்துத் தானும் ஒன்றைக் கடித்தது கிடா.

ராஜாவின் நாக்கு தீயாய் அரித்தது. தும்பிக்கை வீங்கியது. பன்றிதான் புளித்தண்ணீர் கொண்டுவந்து குடிக்கவைத்தது. கிடாவுக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

மூச்சு திரும்பியதும் ராஜா கேட்டார். "நீ யார்?"

"மந்திரி ஐயாவைக் கேளுங்க. அவருக்கு நல்லாத் தெரியும்," என்றது பன்றி.

எல்லோரும் கிடாவைப் பார்த்தார்கள். பன்றியின் உதவியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடத்தான் அதுவும் துடித்தது. ஆனால் வீங்கிய நாக்கு புரளவில்லை. "பெ... பெ..." என்றது.

நீர்நாயின் தெப்பத்தில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. கிடாவை மட்டும் ராஜா ஏறவிடவில்லை; அது காய்ந்த கரையிலேயே நின்றது.

உயிர் காத்தவரின் பெயரைச் சபையில் மறைக்கிறவனுக்கு, அந்தப் பெயரைச் சொல்லித் தப்பிக்க வேண்டிய நாளில் வாய் திறக்காது.